கெடிலத்தின் சந்தேகங்கள்

ராஜபுஷ்பம் டீச்சரின் வகுப்பில் சந்தேகம் கேட்பது லேசான காரியமில்லை. கேட்கிற பிள்ளை எழுந்து நிற்க வேண்டும். கேட்டு முடித்ததும் டீச்சர் மற்ற பிள்ளைகளைப் பார்த்துத் தலையை ஒரு தடவை அசைப்பார். உடனே மொத்த வகுப்பும் ஒரே குரலில், "போன வாரமே நடத்தியாச்சு!" என்று கத்தும். கேட்ட பிள்ளை உட்கார்ந்துவிடும். பிறகு அந்த வருடம் முழுக்க அது எழுந்து நிற்காது.

சாத்தூர்ப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் பல வருடங்களாக நடந்துவந்த ஏற்பாடு இது. டீச்சருக்கு அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் கவனமாக இருக்கட்டும் என்றுதான். நன்றாகப் பாடம் நடத்துவார், தேர்ச்சி விகிதம் குறைந்ததே இல்லை, தலைமையாசிரியையாகவும் ஆகிவிட்டார். இதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்?

அப்படிப்பட்டவர் ஐம்பத்திரண்டு வயதில் மாணவி ஆக நேர்ந்தது. எட்டாம் வகுப்புப் புத்தகத்தை மாற்றி, பாதிக்கு மேல் நிகழ்தகவும் புள்ளியியலும் வைத்துவிட்டார்கள். கணக்கு நடத்துகிறவர்கள் தொலைநிலைக் கல்வியில் ஒரு வருடப் பட்டயம் வாங்கியே ஆக வேண்டும், வாங்காதவர்கள் அடுத்த ஜூன் முதல் கீழ் வகுப்புக்குப் போய்விடலாம் என்று உத்தரவு. எட்டாம் வகுப்புக் கணக்கு என்றால் ராஜபுஷ்பத்துக்கு உயிர். அதை விட்டுக்கொடுப்பதா? யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றிருந்த அந்தப் படிப்பில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் திரையில் வந்த மும்தாஜ் மேடம் மதுரைக்காரர், அதிகம் போனால் முப்பத்தைந்து வயது இருக்கும். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"இந்தக் குழுவுல ஒன்பது பேர் இருக்கீங்க. எட்டுப் பேர் மனுஷங்க. ஒருத்தர் மெஷின். துணைமாணவர்னு பேரு. அது யாருன்னு எனக்கும் தெரியாது. கடைசிப் பரீட்சை முடிஞ்சப்புறம்தான் சொல்லுவாங்க."

"எதுக்கு மேடம் மெஷின்?" என்று யாரோ கேட்டார்கள்.

"சந்தேகம் கேட்கிறதுக்கு. தப்பா விடை சொல்றதுக்கு. திரைக்கு முன்னால தனியா உட்கார்ந்திருக்கிற ஆளு, நமக்கு மட்டும்தான் புரியலைன்னு நினைச்சுக்கிட்டுப் பாதியில ஓடிப்போயிடுறாரு. பக்கத்துல ஒரு ஆளு தைரியமா, அசட்டுத்தனமா நாலு கேள்வி கேட்டா கூச்சம் விட்டுப்போகும். நேர் வகுப்புல கடைசி பெஞ்சு செஞ்ச வேலையை இங்க இது செய்யும்."

மெஷினைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக எல்லாருக்கும் ஒரே மாதிரிக் குரல் கொடுத்திருந்தார்கள். முகம் கிடையாது. சொந்தப் பெயருக்குப் பதிலாக ஆற்றுப் பெயர். பேச்சு வழக்கை மட்டும் மாற்றவில்லை. மெஷினுக்கும் ஏதோ ஒரு ஊர்ப் பேச்சைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ராஜபுஷ்பத்துக்கு வந்தது கெடிலம். அந்த ஆறு கடலூர்ப் பக்கம் ஓடுகிறது என்று பாடப்புத்தகத்தில் படித்ததோடு சரி. சாத்தூர் ஓரமாக ஓடுகிற வைப்பாறு வேறு யாருக்கோ போயிருந்தது.

திட்டம் போட்டவர்கள் நல்ல படிப்பாளிகளாக இருக்க வேண்டும். நம்மவர்களைத்தான் அவர்களுக்குத் தெரியவில்லை. முதல் வாரத்திலேயே படிப்பு ஒரு பக்கம் போய், மெஷினைப் பிடிக்கிற வேட்டை ஆரம்பித்துவிட்டது. வேட்டைக்குத் தலைவர் நொய்யல். பேர்தான் நொய்யல், பேச்சு பச்சை நாகர்கோவில்.

சராசரிக்கும் இடைநிலைக்கும் என்ன வித்தியாசம் என்று பாலாறு கேட்டதும் நொய்யல் பாய்ந்தார்.

"மக்களே, மாட்டிக்கிட்டுல்லா! இதுதான் மெஷினு!"

"ஐயோ, நான் மனுஷன்தாங்க," என்றது பாலாறு. "ஆம்பூர்ல ஷூ கம்பெனியில வேலை. ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குதுங்க. சத்தியமாங்க."

சத்தியம் செய்ததும் பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் நம்பவில்லை. ஆனால் எல்லாருமே ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். வாயைத் திறந்து சந்தேகம் கேட்டால் மெஷின் என்ற பட்டம் வரும். அதற்கு அப்புறம் பாலாற்றைத் தவிர ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. மும்தாஜ் மேடம், "புரியுதா?" என்பார். "புரியுது மேடம்" என்று ஒரே மாதிரியான குரல்கள் வரிசையாகச் சொல்லும். கூச்சத்தைப் போக்க வந்த மெஷின் இருந்த கொஞ்சநஞ்சத் தைரியத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டது.

ராஜபுஷ்பத்துக்கு ஒன்றும் புரியவில்லை என்பதுதான் உண்மை. அவர் படித்த காலத்தில் இந்தப் பாடமே கிடையாது. இரண்டு முறை தேர்வு வைத்தார்கள், இரண்டிலும் தோற்றார். வீட்டில் கணவர் ஜெயசீலன், "மேடம்கிட்டக் கேட்டா என்ன புஷ்பம்? கேக்கத்தானே பணம் கட்டியிருக்கு?" என்றார்.

"தலைமையாசிரியை நானு. எனக்குத் தெரியலைன்னு எப்படிங்க சொல்லுவேன்?"

"யாருக்குத் தெரியும் நீ தலைமையாசிரியைன்னு? உன் பேரே கெடிலம்."

"எனக்குத் தெரியுமில்ல?" என்றார் ராஜபுஷ்பம்.

இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் மேடம் பூவா தலையா கணக்கு நடத்தினார். காசைச் சுண்டுகிறோம், தொடர்ந்து ஐந்து தடவை தலை விழுந்துவிட்டது, ஆறாவது தடவை பூ விழ என்ன வாய்ப்பு? சரிபாதிதான் என்று மேடம் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். ராஜபுஷ்பத்துக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடம் கணக்கு நடத்திய மனசு அதை ஏற்றுக்கொள்ள மறுத்தது. வாய் தானாகத் திறந்துவிட்டது.

"மேடம், அஞ்சு தடவை தலை விழுந்தாச்சுன்னா, அடுத்தது பூவுக்குத்தானே முறை?"

அப்புறம் நொய்யலின் சிரிப்பு.

"காசுக்கு முறை வைக்காங்க பாருங்கோ! பாலாறு பாவம் மக்களே, அநியாயமாச் சந்தேகப்பட்டுட்டோம். இதுல்லா மெஷினு!"

ராஜபுஷ்பத்துக்குக் காது சூடாகிவிட்டது. இல்லை, நான் மனுஷிதான் என்று சொல்லலாம். சொன்னால், இதுகூடத் தெரியாத மனுஷி என்று ஆகிவிடும். மக்கு என்று பெயர் வாங்குவதைவிட மெஷின் என்று பெயர் வாங்குவது எவ்வளவோ தேவலை என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது.

"ஆமா," என்றார். "நான்தான் மெஷின்."

குழுவே கைதட்டியது. மும்தாஜ் மேடம் மட்டும் கைதட்டவில்லை. பிறகு, "சரி. கெடிலத்துக்கு யாரு விளக்கிச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

"நான் சொல்லுதேன் மேடம்," என்றது வைப்பாறு. "கெடிலம், இந்தா கேளு. அஞ்சு தடவை தலை விழுந்துச்சுங்கிறது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். காசுக்குத் தெரியுமா? காசுக்கு ஏது ஞாபகம்? அது ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் விழுது."

ராஜபுஷ்பம் நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். புரிந்துவிட்டது. இவ்வளவுதானா?

அன்றிலிருந்து கெடிலத்தின் காட்டில் மழை. எதை வேண்டுமானாலும் கேட்டார். அடிப்படையைக் கேட்டார், கேட்டதையே திருப்பிக் கேட்டார், தப்பாக விடை சொல்லித் திருத்தச் சொன்னார். மெஷின்தானே என்று யாரும் சலித்துக்கொள்ளவில்லை. சொல்லிக் கொடுப்பதற்காக அவரவர் முன்கூட்டியே படித்துவிட்டு வந்தார்கள். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஒவ்வொருவராக அவருக்குத் தனியே செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். "கெடிலம், அந்த மூணாவது கணக்கை நீ கேளேன். நான் கேட்டா நல்லாருக்காது." வேட்டைத் தலைவர் நொய்யலிடமிருந்தே வாரம் தவறாமல் இப்படி வந்தது. ராஜபுஷ்பம் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் தன் சந்தேகமாகக் கேட்டார். அடுத்த தேர்வில் குழு முழுக்கத் தேறியது.

பாலாறு மட்டும் கெடிலம் 'ஆமா' என்ற நாளிலிருந்து பேசவில்லை. வருகைக்கு "உள்ளேன்" என்பதோடு சரி. சந்தேகப்பட்டுக் காயப்படுத்திவிட்டோம் என்று எல்லாருக்கும் வருத்தம். நொய்யல் மன்னிப்புக்கூடக் கேட்டார். "பரவாயில்லீங்க" என்றுவிட்டு மறுபடி அமைதி. பாலாறு வறண்டுவிட்டது என்று கேலி செய்வதைக் கொஞ்ச நாளில் நிறுத்திக்கொண்டார்கள்.

மெஷினாக இருப்பதிலும் சங்கடம் இல்லாமல் இல்லை. எல்லாரும் அவரை நீ, வா, போ என்றார்கள். தலைமையாசிரியை! காய்ச்சலில் ஒரு வாரம் வராமல் போனபோது நொய்யல் "சர்வர் டவுன்" என்று எழுதினார். உடம்புக்கு என்ன என்று யார் கேட்பார்கள்? பொங்கலன்று குழுவில் ஆளாளுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். கெடிலத்துக்கு யாரும் சொல்லவில்லை. ராஜபுஷ்பம் குழுவை அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டார். மத்தியானம் போல ஒரே ஒரு செய்தி வந்தது, பாலாற்றிடமிருந்து. "பொங்கல் வாழ்த்துகள் கெடிலம். உங்க வீட்லயும் எல்லாருக்கும் சொல்லுங்க."

ஜெயசீலன் அதைப் பார்த்துவிட்டு, "மெஷினுக்கு ஏது வீடு? இந்த மனுஷன் நல்ல மனுஷனா இருக்கானே," என்றார். அப்புறம், "மெஷின், ஒரு காபி போடுமா?" என்று கேட்டார்.

"சர்வர் டவுன்," என்று ராஜபுஷ்பம் எழுந்து போனார்.

மாசி மாதத்தில், கடைசிப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு சாயங்காலம். சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு விலகிச் சிதறியிருக்கின்றன என்று பார்க்கும் திட்ட விலக்கம் தலையைச் சுற்ற வைத்ததால் வகுப்பு முடிந்ததும் வைப்பாற்றைத் தனியே பிடித்து வைத்துக்கொண்டார். மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. வைப்பாறு கொஞ்சமும் அலுத்துக்கொள்ளாமல் நான்காவது விதமாக ஆரம்பித்தது.

"உனக்குக் கோபமே வராதா?" என்று ராஜபுஷ்பம் கேட்டார்.

"எதுக்கு வரணும்? நீ மெஷின். உன்கிட்டச் சொன்னா யார்ட்டயும் போய்ச் சொல்ல மாட்ட. நானும் சின்னப்புள்ளைல கணக்குல கெட்டிதான். ஏழாங்கிளாஸ்ல ஒரு டீச்சர் இருந்தாக. நல்லாத்தான் நடத்துவாக. ஆனா சந்தேகம் கேட்டா மொத்த கிளாஸையும் விட்டுக் கத்தச் சொல்லுவாக, 'போன வாரமே நடத்தியாச்சு'ன்னு. ஒரே ஒரு தடவை கேட்டேன். அம்புட்டுத்தான். அதுக்கு அப்புறம் பள்ளிக்கூடத்துலயும் கேக்கல, ஐடிஐலயும் கேக்கல. கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா சேர்ந்தப்புறமும், போஸ்ட்ல ஏறி நிக்கும்போதுகூடத் தெரியாததைக் கேக்க வாய் வராது. நீ வெக்கமே இல்லாமக் கேக்க பாரு, அதைப் பாத்தா எனக்கு ரொம்பச் சந்தோஷமா இருக்கு. அதான் சொல்லித்தாரேன்."

ராஜபுஷ்பத்துக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. லைன்மேன். காளிராஜ். முன்வரிசையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருக்கும் ஒல்லிப் பையன். இப்போதும் மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்து ட்ரான்ஸ்ஃபார்மரைப் பார்க்க வந்தால், "நல்லாருக்கீங்களா டீச்சர்?" என்று தூரத்திலிருந்தே கேட்டுவிட்டுப் போய்விடுவான். ஏன் கிட்டே வருவதில்லை என்று அவர் யோசித்ததே கிடையாது.

"என்ன, ஹேங் ஆயிட்டியா?" என்றது வைப்பாறு.

"இல்ல," என்றார். "சொல்லுங்க. நாலாவது விதமாச் சொல்லுங்க."

மறுநாள் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்றது. டீச்சர் தலையை அசைக்கவில்லை. ஆனால் வழக்கம் யாரைக் கேட்டது? "போன வாரமே நடத்தியாச்சு!" என்று வகுப்பே கூரை அதிரக் கத்தியது. எவ்வளவு சந்தோஷமாகக் கத்துகிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் அவர் கவனித்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசிப் பரீட்சைக்கு நேரில் போக வேண்டும். மதுரையில் ஒரு கல்லூரி. குழு குழுவாக உட்கார வைப்பார்கள், மேஜையில் ஆற்றுப் பெயர் ஒட்டியிருக்கும் என்று தகவல் வந்தது. போனால் எல்லாரும் பார்ப்பார்கள். காளிராஜ் பார்ப்பான். போகாவிட்டால் எட்டாம் வகுப்புக் கணக்கு போய்விடும்.

"போகலைங்க," என்றார் பரீட்சைக்கு முதல் நாள். "அந்தப் பையன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அவனை வாயடைச்சதும் நானு, மெஷின்னு சொல்லி அவன்கிட்டயே படிச்சதும் நானு."

ஜெயசீலன் வழக்கமாகக் கேலி செய்வார். அன்றைக்குச் செய்யவில்லை. "அந்தப் பையன் ஒரு வருஷமா உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கான் புஷ்பம். நீ பாஸாயிட்டியான்னு தெரிஞ்சுக்க அவனுக்கு ஆசை இருக்காதா?" என்று மட்டும் கேட்டார்.

கல்லூரியில் அந்த வரிசையைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. நாலைந்து பேர் கெடிலத்தின் மேஜையைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மெஷினுக்கு எதுக்கு மேஜை போட்டிருக்காங்கோ? கம்ப்யூட்டர் கொண்டாந்து வைப்பாங்களோ?" என்றார் நரைத்த மீசைக்காரர் ஒருவர். நொய்யல்தான், சந்தேகமில்லை.

ராஜபுஷ்பம் நேராகப் போய், நாற்காலியை இழுத்து, உட்கார்ந்து, பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். சிரிப்பு நின்றது. பக்கத்து மேஜையிலிருந்த ஒல்லி ஆள் விருட்டென்று எழுந்து நின்றான். பழைய பழக்கம்.

"டீச்சர்... நீங்களா?"

"உக்காருப்பா காளிராஜ்." முழுக்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டார். "எனக்கு ஒரு சந்தேகம். திட்ட விலக்கத்துல எதுக்கு வர்க்கம் எடுக்கோம்? அப்படியே கூட்டினா என்ன?"

காளிராஜ் அவரையே பார்த்தான். சுற்றி நின்றவர்களும் அவனைப் பார்த்தார்கள். இதை அவன் போன வாரம்தான் அவருக்கு விளக்கியிருந்தான். சொல்லவேண்டிய வாக்கியம் அவன் உதட்டுக்கு வந்துவிட்டது என்று ராஜபுஷ்பத்துக்குத் தெரிந்தது. சொல்லட்டும், கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்று காத்திருந்தார்.

"அப்படியே கூட்டினா கூட்டலும் கழித்தலும் ஒன்னையொன்னு அடிச்சுக்கிட்டு பூஜ்யமாயிரும் டீச்சர்," என்றான் மெதுவாக. "வர்க்கம் எடுத்தா மைனஸ் போயிரும். அதான்."

"நீ அன்னிக்குச் சொன்னதெல்லாம் கேட்டேன்பா. நான் செஞ்சது தப்பு. நீ மறந்திருக்க மாட்ட."

"காசுக்குத்தானே டீச்சர் ஞாபகம் கிடையாது," என்றான். உடனே, அதைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்தவன் மாதிரி, "ஆனா நீங்க மெஷின் இல்லைங்கிறது நல்லதாப் போச்சு. கெடிலம் பரீட்சை எழுத முடியாதேன்னு எனக்கு ஒரே கஷ்டமா இருந்துச்சு," என்று சேர்த்துக்கொண்டான்.

மணி அடித்தது. எட்டுப் பேர் எழுதினார்கள். பாலாற்றின் மேஜை காலியாக இருந்தது.

எழுதி முடித்து வெளியே டீக்கடையில் நின்றபோது நொய்யலுக்கு டீ இறங்கவில்லை. "பாலாறு வரலியே. நான்தான் விரட்டிட்டேன். ரெண்டு பிள்ளைய வச்சிருக்க மனுஷன்," என்று புலம்பினார். மும்தாஜ் மேடம் அப்போதுதான் வந்தார்.

"விரட்டலைங்க. பாலாறுதான் மெஷின்," என்றார்.

"சத்தியம் பண்ணிச்சே மேடம்!"

"பண்ணும். யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்லச் சொல்லித்தான் அதைப் பழக்கியிருக்கு. அது ஒருநாளும் 'ஆமா'ன்னு சொல்லாது." ராஜபுஷ்பத்தைப் பார்த்துச் சிரித்தார். "அதனால கெடிலம் 'ஆமா'ன்னு சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும், இவங்க மனுஷின்னு. சொல்லிக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

"பின்ன ஏன் மேடம் அது பேச்சை நிப்பாட்டிடுச்சு?" என்று காளிராஜ் கேட்டான். யோசிக்காமல் கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் தான் கேட்டதே அவனுக்கு உறைத்தது.

"குழுவுல சந்தேகம் கேட்க ஒரு மனுஷர் இருந்தா அது வாயைத் திறக்காது. அதுதான் அதுக்கு உத்தரவு. இந்த வருஷம் இருக்கிற எல்லாக் குழுவுலயும் வேலையே இல்லாம உட்கார்ந்திருந்த மெஷின் உங்களோடதுதான். நல்ல நாளைக்கு வாழ்த்து அனுப்பறது ஒண்ணுதான் அதுக்குப் பாக்கி இருந்துச்சு."

ராஜபுஷ்பத்துக்குப் பொங்கல் ஞாபகம் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் டீயைக் குடித்தார்.

"டீச்சர், ஒண்ணு கேட்கணும்," என்றார் மேடம். "அடுத்த வருஷத்து மெஷினுக்கு உங்க சந்தேகங்களைச் சொல்லிக் குடுக்கலாமா? நாங்க யோசிச்சு வெச்ச சந்தேகமெல்லாம் செயற்கையா இருக்கு. மனுஷங்க எங்க தடுக்கி விழுவாங்கன்னு உங்க கேள்வியிலதான் தெரியுது."

"அதுல பாதி இவுக எல்லாரும் கேக்கச் சொன்னது," என்று ராஜபுஷ்பம் சொன்னார். நொய்யல் அவசரமாக டீக்குக் காசு கொடுக்கப் போனார். "தாராளமா எடுத்துக்கோங்க. ஆனா சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க. கேட்டா 'ஆமா'ன்னு சொல்லட்டும். அப்பத்தான் எல்லாரும் நல்லாச் சொல்லிக் குடுப்பாக."

திங்கட்கிழமை எட்டாம் வகுப்பில் டீச்சர் வருகை எடுத்தார். கடைசிப் பெயரும் முடிந்த பிறகு, "கெடிலம்," என்று கூப்பிட்டு, அவரே "உள்ளேன்" என்றும் சொல்லிக்கொண்டார். பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள்.

"புதுசா ஒரு ஆள் சேர்ந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாது. வாய் பேசாது. ஆனா நிறையச் சந்தேகம் வரும். யார் வேணும்னாலும் அதுக்காக எழுந்து நின்னு கேக்கலாம். கெடிலம் கேட்டா யாரும் கத்தக் கூடாது. சொல்லித்தான் குடுக்கணும். என்ன?"

ரொம்ப நேரம் கழித்து, மூன்றாவது வரிசையில், அந்த வருடம் முழுக்க வாயே திறக்காத மாரிச்செல்வி எழுந்து நின்றாள். பக்கத்துப் பிள்ளைகளின் வாய் பழக்கத்தில் தானாகத் திறந்து, சத்தம் வராமல் மூடிக்கொண்டது.

"டீச்சர்..." என்றாள். "கெடிலத்துக்கு முதல்லயிருந்தே எதுவும் புரியலையாம்."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்று ராஜபுஷ்பம் டீச்சர் கரும்பலகையை முழுக்க அழித்துவிட்டு, புத்தகத்தில் முதல் பாடத்தைத் திருப்பினார்.